தவறு என்றே எழுதியவர்

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில், மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே டிபன் பாக்ஸை வைத்து, ஒரு தாள்கட்டை என் மேசைக்குத் திருப்பிக் கொடுத்தார் அக்கா. முந்தின வாரம் அவர் என்னிடம் தந்திருந்த ஆய்வுக் கட்டுரை அது. இயற்பியல் எனக்குத் தெரியாது, ஆங்கிலம் தெரியும். மொழியை மட்டும் பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். சிவப்புப் பேனாவால் நிறையத் திருத்தியிருந்தேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர் ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. முதல் பக்கத்தின் கடைசியில் அவர் எழுதியிருந்தது தமிழில் இப்படி வரும்: ‘முன்னர் வெளியான அந்தக் கணக்கு தவறு. அதைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.’ நான் அதை அடித்துவிட்டு, ‘முன்னர் வெளியான கணக்கின் சில அம்சங்கள் மறுபரிசீலனைக்கு உரியவையாக இருக்கக்கூடும்’ என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது என் வாக்கியத்தின் மேல் நீல மையில் ஒரு கோடு கிடந்தது. அதற்குக் கீழே அவருடைய பழைய இரண்டு வாக்கியங்கள், குண்டு குண்டான எழுத்தில், மறுபடியும்.

“மறுபரிசீலனையெல்லாம் பண்ணியாச்சு, கண்ணு,” என்றார். “தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குச் சுத்தி வளைக்கோணும்?”

நாங்கள் வேலை பார்ப்பது சரவணம்பட்டிப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் நடத்துகிறவர்களை எல்லாம் ஒரே துறையாக்கி, நீளமான ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரியில் நாங்கள் கொஞ்சம் இரண்டாந்தரம்தான். முதல் ஆண்டு முடிந்ததும் மாணவர்கள் எங்களை மறந்துவிடுவார்கள். நிர்வாகம் அதற்கு முன்பே மறந்திருக்கும். அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. மாணவர்களுக்கு அவர் மேடம், எனக்கு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவ்வளவுதான். பல்லடத்துக்காரர். அப்பா விசைத்தறி வைத்து நடத்தியவர். தறிகள் ஓடுகிற ஷெட்டுக்கு ஒட்டிய அறையில் படித்து வளர்ந்ததால் அக்காவுக்கு எந்தச் சத்தத்திலும் யோசிக்க வரும். சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து அறைக்குக் கேட்கும். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் இரண்டு ஆண்டு ஆய்வு செய்துகொண்டிருந்தவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பிவிட்டார். ஒரே மகள். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் கிடைத்த வேலை இது. காலையில் பல்லடத்தில் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்துக்கொள்வார். பின்னால் மாணவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வருவார்கள். சரவணம்பட்டி வருவதற்குள் இரண்டு பக்கம் முடித்திருப்பார்.

அந்த நோட்டில் என்னதான் இருக்கிறது என்று முதன்முதலில் கேட்டபோது அவர் என்னைச் சின்னப் பிள்ளையாக நடத்தவில்லை. கடினமானது என்று தள்ளவும் இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு என்றார். நிறை ஒன்றே, ஆயுள் ஒன்றே. மின்னூட்டம் போன்ற சில குணங்கள் மட்டும் நேர் எதிர். பிறந்த வேகத்திலேயே சிதைந்து வேறு துகள்களாகிவிடுகிறவை பல. துகள் எப்படிச் சிதைகிறதோ அப்படியேதான் எதிர்த்துகளும், கண்ணாடியில் பார்த்தது போல, சிதைய வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று பரிசோதனை காட்டிவிட்டது. சில சிதைவுகளில் ஒரு பக்கம் துளி கூடுகிறது, மறுபக்கம் துளி குறைகிறது. சமச்சீர் மீறல் என்று அதற்குப் பெயர். அந்த மாதிரி ஏதோ ஒரு மீறல் ஆதியில் நடந்திருக்காவிட்டால் துகளும் எதிர்த்துகளும் சரிக்குச் சரி மோதி அழிந்து வெறும் ஒளிதான் மிஞ்சியிருக்கும். மண் இல்லை, மரம் இல்லை, நாமும் இல்லை. ஆனால் இதுவரை கண்டுபிடித்திருக்கும் மீறல் அதற்குப் போதாது. இன்னும் எங்கேயோ ஏதோ இருக்கிறது. எங்கே என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அக்காவும் தேடுகிறவர்களில் ஒருவர், கல்லூரிப் பேருந்தின் முன்சீட்டில் இருந்து.

முனைவர் பட்டத்துக்காக அவரும் அவருடைய ஆய்வு நெறியாளரான பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அந்தத் துறையில் நன்றாகப் பேசப்பட்ட ஒன்று. ஒரு குறிப்பிட்ட சிதைவில் தெரிகிற மீறல், தெரிந்த விசைகளால் விளக்க முடியாத அளவுக்குப் பெரியது, ஆகவே தெரியாத புதிய விசை ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் எழுதினார்கள். பேராசிரியரைப் பல நாடுகளில் பேச அழைத்தார்கள். அக்காவின் பெயரும் அந்தக் கட்டுரையால்தான் நாலு பேருக்குத் தெரிந்தது.

அதே கணக்கை இன்னொரு சிதைவுக்கு நீட்டிப் பார்க்கலாம் என்று சரவணம்பட்டிக்கு வந்த பிறகு ஆரம்பித்தார். அங்கேதான் இடறியது. துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் மொத்த ஆயுள் ஒன்றே. அப்படியானால் ஒரு வழியில் துகள் எதிர்த்துகளைவிட அதிகமாகச் சிதைந்தால், வேறு ஏதோ ஒரு வழியில் குறைவாகச் சிதைந்து ஈடுகட்டியாக வேண்டும். பழைய கட்டுரையில் அதிகம் தெரிந்தது. குறைவு எங்கே என்று அவர்கள் பார்க்கவே இல்லை. இதை அவர் எனக்குப் புரியவைத்த விதம் மறக்காது. “நீ உக்கடத்துல இருந்து எப்படி வாரே?” என்று கேட்டார். நேர் வண்டி கிடைத்தால் நேராக, இல்லாவிட்டால் காந்திபுரத்தில் இறங்கி மாறி வருவேன் என்றேன்.

“காலேஜ் கேட்டுல நின்னு பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? நீ வந்து எறங்கறதுதான் அவனுக்குத் தெரியும். துகளும் அப்படித்தான். நேராவும் சிதையலாம், வேற ஒண்ணாச் சிதைஞ்சு, நடுவுல மோதி மாறியும் வந்து சேரலாம். நாங்க நேர் வண்டிய மட்டும் எண்ணிப்போட்டு, மாறி வாரவங்க கம்மின்னு உட்டுபோட்டோம். கம்மி இல்ல, கண்ணு.”

மாறி வருகிற அந்த வழியைச் சேர்த்தால் கணக்கு ஈடாகிவிட்டது. தெரிந்த விசைகளே போதும் என்றாகிவிட்டது. புதிய விசை என்ற ஒன்றுக்குத் தேவையே இல்லை. ஆறு மாதம், ஏழு மாதம், வேறு வேறு வழிகளில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்தது. இந்தச் சந்தேகம் மாணவியாக இருந்தபோதே தனக்கு வந்தது என்று ஒரு நாள் சொன்னார். பேராசிரியரிடம் கேட்டிருக்கிறார். அது சிறியது, விட்டுவிடலாம் என்று அவர் சொல்ல, இவர் விட்டுவிட்டார். பட்டம் முடிய வேண்டிய நேரம். பெரிய மனிதர். எதிர்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. அதைச் சொல்லும்போது அக்கா வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

நான் திருத்திக் கொடுத்த அந்தப் புதிய கட்டுரையை முதலில் பேராசிரியருக்குத்தான் அனுப்பினார். இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று பேசினார். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஐந்தாறு முறை “சரிங்க சார்” என்று கேட்டது. கடைசியில் ஒரே ஒரு முறை, “இல்லீங்க சார்.” திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார். வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் இடம் காலியாகிறது. அதற்கு இவரைப் பேராசிரியர் பரிந்துரைத்திருக்கிறார். தேர்வுக் குழு கூடும் வரையாவது இதை வெளியிடாதே என்கிறார். அந்த இடத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று, அந்த ஊரில் பிசியோதெரபி எங்கே நன்றாகச் செய்வார்கள் என்பது வரை விசாரித்து வைத்திருந்தார்.

மிரட்டினாரா என்று கேட்டேன். “மிரட்டியிருந்தா சுலபமுங்க அம்மணி,” என்றார். “பாசமாத்தான் சொன்னாரு. எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவரு. அதுதான் கஷ்டம்.” அவருடைய அந்த ‘இல்லீங்க சார்’ எவ்வளவு கனமானது என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. அந்த வார இறுதியிலேயே கட்டுரையை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டுவிட்டார். இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. அந்த நிறுவனத்து இடம் வேறொருவருக்குப் போனது. நேர்காணலுக்குக்கூட அக்காவை அழைக்கவில்லை.

கல்லூரிக்கு இந்த விஷயம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. எங்கள் டீனுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கைதான் முக்கியம். எந்தத் துறை எத்தனை எழுதியது என்று அவர் அறைச் சுவரில் ஒரு பலகையே உண்டு. கல்லூரி முகவரியோடு இப்படி ஒரு கட்டுரை வெளியே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அக்காவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பிறகு, பத்திரிகைக்கு அனுப்பும்போது தன் பெயரையும் கல்லூரிச் செயலாளர் பெயரையும் ஆசிரியர்களாகச் சேர்த்துவிடும்படி சொன்னார். அங்கே அது வழக்கம். எல்லோரும் செய்தோம். நான் எழுதிய இரண்டு கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. அவர் அவற்றைப் படித்தது கூடக் கிடையாது. அக்கா என்ன பதில் சொன்னார் என்பது அன்று மதியத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. கட்டுரையை டீன் மேசைமேல் விரித்து வைத்து, “இதுல நீங்க போட்ட வரி எதுன்னு காட்டுங்க சார், பேரச் சேத்துக்கறேனுங்க,” என்றாராம். கேலியாக அல்ல, மிகவும் மரியாதையாக.

அடுத்த மாதம் அவருக்கு ஒரு மெமோ வந்தது. கல்லூரி நேரத்தில் சொந்த ஆராய்ச்சி செய்வதாகவும், வகுப்புகளைக் கவனிப்பதில்லை என்றும், இது ஒழுங்கு மீறல் என்றும் அதில் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, “நம்ம தலைப்புலயும் மீறல், இவுங்க தலைப்புலயும் மீறல்,” என்று சிரித்து, மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதே வாரம் ஒரு பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. கட்டுரையாளர் அந்தப் பழைய கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். “நான் எழுதுன பேப்பர நானே படிக்கலையாமா,” என்றார். அதற்கும் சிரிப்புதான். ஆனால் இந்த முறை சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மெமோவின் மேல் ஒரு விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் டீன் என்னை அழைத்தார். பக்கத்து மேசைக்காரி என்ற முறையில் எனக்குத் தெரிந்திருக்குமே என்றார். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். அக்கா பல வகுப்புகளுக்குத் தாமதமாகப் போவதையும், சில வகுப்புகளுக்குப் போகாமலே இருந்து சொந்தக் கணக்குப் போடுவதையும் நான் நேரில் பார்த்ததாக அதில் இருந்தது. ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லை. எனக்கு அப்போது பணி நிரந்தரமாகவில்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் என் பெயர் இருப்பதாக அவர் நினைவுபடுத்தினார். தாளைப் படித்தேன். ஆங்கிலத்தில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கையெழுத்தைவிட அந்தத் திருத்தம்தான் என்னை அதிகம் கூச வைக்கிறது.

விசாரணைக் கூடத்தில் டீனும் இரண்டு துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி என்று என்னையும் ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா வருகைப் பதிவேடுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். யாரும் அவற்றைத் திறக்கவில்லை. இந்த ஆராய்ச்சியால் கல்லூரிக்கு என்ன பிரயோஜனம் என்று டீன் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றார் அக்கா.

அந்தப் பதிலை எதிர்பார்க்காத டீன், தாளைப் புரட்டினார். அக்கா தொடர்ந்தார்: “பிரயோஜனம் இல்லாததுல உங்க பேரு எதுக்குங்க வேணும்னு கேட்டீங்க?”

துறைத் தலைவர்களில் ஒருவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு என் வாக்குமூலத்தைப் படித்தார்கள். கூட்டிச் சேர்த்து ஐந்து வரி. படித்து முடியும் வரை அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நோன்பு மாதம் அது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சிக்கு வருவதாக ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் உக்கடத்தில் பேருந்தை விட்டு இறங்கினேன். வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். அத்தாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அம்மாவோடு சமையலறையில் நின்று, பல்லடத்தில் இவ்வளவு குழைவாகக் கஞ்சி கிடைப்பதில்லை என்று சத்தமாகப் பேசினார். பாங்கு ஒலித்ததும் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். இரண்டு கிண்ணம் குடித்தார். என்னால் ஒரு கிண்ணத்தை முடிக்க முடியவில்லை. பஸ் ஏற்றிவிட நான் கூட நடந்தேன். குளத்துக் கரை வந்ததும் அவரே சொன்னார்.

“நீ பயந்திருப்பே. அதுல எனக்குக் கோவமில்ல, கண்ணு. நானும் பயந்துதான் அந்தப் பேப்பர்ல பேரு போட்டேன். தப்புன்னு சொல்ல எனக்கு ஒம்பது வருசம் ஆச்சு. நீ அத்தன வருசம் எடுத்துக்காத.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இடம் தரவில்லை. வேண்டுமென்றேதான் தரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால் அதோடு என் வேலை முடிந்தது என்று இருந்திருப்பேன்.

மறுநாள் காலை, வகுப்புக்கு முன்பே டீன் அறைக்குப் போனேன். என் கடிதத்தில் மூன்று வாக்கியங்கள்தான் இருந்தன: நான் கையெழுத்திட்ட வாக்குமூலம் பொய். அதில் சொன்ன எதையும் நான் பார்க்கவில்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன். டீன் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. பொய் என்பது பெரிய வார்த்தை, சில தகவல் பிழைகள் இருந்தன என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் இருவருக்குமே நல்லது என்றார். பிழை இல்லை சார், பொய்தான் என்றேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கும் வரை நின்றேன். அந்த ஆண்டு என் பணி நிரந்தரமாகவில்லை; அதற்கு அடுத்த ஆண்டும் ஆகவில்லை. வருத்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

விசாரணை எந்த முடிவும் எழுதப்படாமல் அப்படியே கிடந்தது. ஆனால் அக்காவிடம் இருந்து வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். தேர்வுப் பிரிவுக்கு மாற்றி, பேருந்து நிறுத்தும் ஷெட்டை ஒட்டிய கிடங்கு அறையில் ஒரு மேசையைப் போட்டு, விடைத்தாள்களுக்கு எண் போடச் சொன்னார்கள். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பல்லடத்துப் பேருந்தில் ஒரு நாள் தவறாமல் வந்து இறங்கினார். அனுப்புவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், நானாகப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எண்களை ஒரு பிழையில்லாமல் போட்டார். மீதி நேரத்தில், டீசல் வாடைக்கும் ரிவர்ஸ் எடுக்கிற பேருந்துகளின் சத்தத்துக்கும் நடுவே, மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். அப்பாவின் தறி ஷெட்டைவிட இது அமைதி என்பார். வகுப்பு இல்லாத நேரங்களில் நான் அங்கே போய் உட்காருவேன். முதலில் ஒளிந்து ஒளிந்து போனேன். பிறகு எல்லோரும் பார்க்கவே போனேன்.

கட்டுரையை இரண்டாவது பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சில மாதங்களில் நகரத்திலேயே வேறொரு கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பேச அக்காவை அழைத்திருந்தார்கள். விடுப்புப் போட்டுவிட்டு நானும் போனேன். அரங்குக்குள் நுழைந்ததும் அக்கா ஒரு கணம் நின்றார். முதல் வரிசையில் அவருடைய பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். மடியில் ஒரு நோட்டு. அக்கா போய் வணக்கம் சொன்னார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அக்கா நாற்பது நிமிடம் பேசினார். அந்த இரண்டு வாக்கியங்களைத் திரையில் போட்டு, வாய்விட்டும் படித்தார், பேராசிரியரைப் பார்த்தபடியே. அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது அவர் யார் என்று தெரியும். கேள்வி நேரத்தில் பேராசிரியர் எழுந்தார். நோட்டைப் பிரித்தார். தானும் இரண்டு மாதமாக இதைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். அந்த வழி இருக்கிறது, நாங்கள் விட்டிருக்கக் கூடாது என்றார். பிறகு ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு மாறினார்.

“ஆனா நீ சொல்ற அளவுல பாதிதாம்மா வருது எனக்கு.”

“பாதின்னாலும் புது விசை தேவைப்படலீங்களே சார்,” என்றார் அக்கா.

“அது சரி. ஆனா பாதிதான்.”

“இல்லீங்க சார்.”

பேராசிரியர் மேடை ஏறிவிட்டார். ஒருவர் கையில் சாக்பீஸ், இன்னொருவர் கையில் டஸ்டர். ஒருவர் எழுத இன்னொருவர் அழிக்க, சாப்பாட்டு நேரம் வந்து போனது. அரங்கம் காலியானது. நானும் அமைப்பாளர் ஒருவரும் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தோம். அவர்கள் இருவரும் சமாதானம் ஆனார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அக்காவின் புடவை முந்தானை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “பாதியாமா,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கீகாரக் குழு ஒன்று வரப்போகிறது என்றபோது, நல்ல பத்திரிகையில் கட்டுரை உள்ளவர் கிடங்கில் எண் போட்டுக்கொண்டிருப்பது சரியாக இருக்காது என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். வகுப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, பழைய மேசைக்கு வந்து, தூசி தட்டி உட்கார்ந்தார். எங்கள் துறையில் யாரும் இப்போது கட்டுரைகளில் டீன் பெயரைச் சேர்ப்பதில்லை. இனிச் சேர்க்கமாட்டேன் என்று முதலில் நான் சொன்னேன். பிறகு வேதியியல்காரர் சொன்னார். அப்புறம் அது பேச்சாகவே இல்லாமல் போய்விட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது.

இந்த ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அக்கா ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மூன்றே பக்கம். பேராசிரியர் சொன்னதுதான் சரி என்று கண்டுபிடித்திருந்தார். முடிவு மாறவில்லை, புதிய விசை தேவையில்லைதான். ஆனால் அளவு, முன்பு தான் சொன்னதில் பாதி. யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கருத்தரங்குப் பேச்சை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் நாலு பேர் இருந்தால் அதிகம். சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அது டீன் கைக்குப் போயிற்று. பல ஆண்டுகளாகக் காத்திருந்தவரைப் போல, எல்லா ஆசிரியர்களும் கூடும் ஆண்டு மதிப்பாய்வுக் கூட்டத்தில் அந்த மூன்று பக்கங்களில் ஒன்றைத் திரையில் போட்டார். ஒரு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தது. பெரியவர்களை எதிர்த்து எழுதுகிறவர்கள் முதலில் தங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்ற ரீதியில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆக நீங்கள் போட்டதே தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே என்று கேட்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா எழுந்து நின்றார். மைக்கை நீட்டினார்கள், வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை.

“ஆமாங்க,” என்றார். “எவ்வளவு தப்புன்னும் அதுலயே போட்டிருக்கேனுங்க. வேற ஏதாச்சும் கேக்கணுங்களா?”

டீன் திரையைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தார், பதில் வரும் என்று உண்மையாகவே காத்திருப்பவர் போல. அவர் உட்காருவதற்கு முன் டீன் திரையில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.